கையை விரிங்க

ஒரு வாரம் திரை, ஒரு வாரம் திரைச்சீலை.
அல்சூர் மெட்ரோவில் என் வேலை அவ்வளவுதான்.
திரை வாரத்தில் பைகள் உள்ளுறுப்புகளோடு வரும்:
டிபன் டப்பா நீலம், சப்பாத்தி ஆரஞ்சு,
பிரஷ் என்றால் அதன் கழுத்து வளையம் மட்டும்.
முடியை எக்ஸ்ரே சட்டை செய்வதில்லை.

ஒரு பச்சைப் பையில் நாற்பது வளையம் எண்ணினேன்.
கல்யாணப் பெண்களுக்கு முகம் எழுதுகிறவள்.
ஆறே கால் வண்டி, ஒயிட்ஃபீல்டு பக்கம்.

மறுவாரம் திங்கள்
திரைச்சீலைக்குள் வந்து நின்றாள்.
கையை விரிங்க, என்றேன். விரித்தாள்.
தோளிலிருந்து கணுக்கால்வரை கருவி போய்வர
ஏழு விநாடி.
அதற்குள் கேட்டுவிட்டேன்:
க்ரீம் பட்டால் கொப்புளிக்கிற முகம் எனக்கு,
மினரல் பவுடர் வாங்கிட்டேன்,
எந்த பிரஷ்?
குட்டையா, அடர்த்தியா, என்றாள்.
போங்க, என்றேன்.

செவ்வாய்:
நுனியில விரல் வச்சு அழுத்துங்க,
உள்ளே புதைஞ்சா அது வேண்டாம்.

புதன் கூட்டம். பேச்சில்லை.

வியாழன்:
ஆட்டு முடி பவுடரைக் குடிச்சிடும், நைலான் போதும்.

வெள்ளி, அவள் இடுப்புச் சாவிக்கொத்துக்குக் கருவி கத்தியது.
சட்டப்படி இன்னொரு சுற்று.
மூடியில மிளகளவு கொட்டிச் சுழற்றுங்க,
விளிம்புல தட்டுங்க, அப்புறம்தான் முகம்.
தட்ட மறந்தா திருநீறு பூசின மாதிரி ஆயிடும்.

எங்கள் பேச்சில்
கையை விரித்தான் என்றால் ஒன்றும் தரவில்லை என்று அர்த்தம்.
இவளோ விரித்த கையோடுதான்
எல்லாம் தந்தாள்.

வார விடுமுறையில் கமர்ஷியல் ஸ்ட்ரீட்.
கபூகியா, என்றார் தஸ்தகீர்.
எனக்குக் காபூல் என்று கேட்டது.
இருபத்திநாலு அடங்கிய ரோஸ் பெட்டி ஒன்றைத் திறந்தார்.
இதில் இருபத்திமூன்று எதற்கு?
அழகுக்கும்மா.
நான் முதலில் பார்த்தது வளையத்தை, வேலைப் பழக்கம்.
ஆட்டினால் ஒன்று கடகடத்தது.
ஒன்றை இழுத்தேன், இரண்டு முடி கையோடு வந்தது.
ஒன்று மெத்தென்று, பூனை வால் மாதிரி,
ஆசையாக இருந்தது, அழுத்தினேன்,
விரல் புதைந்தது. வைத்துவிட்டேன்.
கடைசியில் கிடைத்தது கைக்குள் அடங்கும் ஒரு கறுப்புக் குட்டை.
உள்ளங்கையில் குத்தி நிறுத்தினால் நின்றது.
நானூற்று எண்பது சொன்னார், முந்நூற்று ஐம்பதுக்கு முடித்தேன்.

பவுடர் டப்பாவின் அடியில் எறும்பு எழுத்து:
துத்தநாகம், இரும்புத் துரு, மைக்கா.
மைக்கா என்றால் காக்காப்பொன்.
ஆஸ்டின் டவுன் ஸ்கூல் மைதானத்தில்
சும்மா கிடந்ததை அரைத்து
எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது.
தோண்டிய ரோட்டுப் புழுதியைத்
தினமும் இலவசமாகத்தான் பூசுகிறது இந்த ஊர்,
பிரஷ் கூடக் கேட்பதில்லை.

முதல் நாள் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.
பாதிப் பவுடர் என் வீட்டுக்காரரின்
ஆட்டோ சட்டைக்குப் போனது.
காக்கி ஒரு நிறம் வெளுத்துச்
சவாரிக்குக் கிளம்பினார்.

கேட்க ஆளில்லை. ஆடி பிறந்திருந்தது.
கல்யாணம் இல்லை, பச்சைப் பை இல்லை.
நானாகத்தான் கண்டுபிடித்தேன்,
காது ஓரத்திலிருந்து மூக்குக்கு வரவேண்டும் என்றும்,
கழுவினால் முடி கீழே பார்க்கத்
தொங்கவிட வேண்டும் என்றும்.
நிமிர்த்தி வைத்த வாரம்
வளையத்துக்குள் தண்ணீர் இறங்கிப் பசை நாறியது.

திரை வாரத்தில் என் பையும் அதே பெல்ட்டில் போகும்.
ஒரு டப்பா, ஒரு சீப்பு, ஒரு வளையம்.
என்னக்கா இது மோதிரமா, என்று சைத்ரா கேட்டாள்.
ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

ஆவணி இரண்டாம் வாரம்
சொல்லாமலே கையை விரித்துக்கொண்டு வந்து நின்றாள்.
கருவி இறங்கியது, ஏறியது.
ஏழு விநாடியும் என் முகத்தையே பார்த்தாள்,
நான் மற்றவர்களின் பையைப் பார்ப்பதுபோல.
திரைச்சீலையை விலக்கும்போது கேட்டாள்:

விசிறியை நிறுத்திட்டுத்தானே போடுறீங்க?

போங்க, என்றேன்.