ஏழு கியர்

பஞ்சிகாவத்தையில்
ரயர்கள் வடைமாலைபோல் தொங்கும் கடையில்
பஸ்லான் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினான்.
"ஏழு கியர். ஷோக் சாமான் மிஸ்.
ஏத்தமெல்லாம் பஞ்சு மாதிரி."

நான் ஏற்றங்களை எண்ணிப் பார்த்தேன்.
வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரைக்கும்
கடலுக்குப் பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கீறிய வீதி.
வாய்க்கால் பாலத்தில் ஒரு சின்ன முதுகு, அவ்வளவுதான்.
பிறகு எங்கள் ஃபிளாட்டின் மூன்று மாடிப் படிகள்.
அங்கே
சைக்கிள்தான் என்மேல் ஏறும்.

ஆனால் நிற்பதற்கோ
நூறாம் நம்பர் பஸ் இருக்கிறது,
சிக்னல் போடாமல் ஓரம் கட்ட.
பம்பலப்பிட்டியில் படாரெனத் திறக்கும் கார்க்கதவு.
லொத்தர் விற்பவரின் குடை.
முந்தாநாள் மழையை இன்னும் செலவழிக்காத குழி.

"பிறேக் கட்டை ரெண்டு சோடி" என்றேன்,
"கறள் பிடிக்காத செயின் ஒண்டு."
"கடக்கரையில ஓடினா எல்லாம் கறள்தான் மிஸ்"
என்றான், அந்தப் பெட்டியை மூடாமலே.
செயினின் விலை கேட்டேன்.
பழையதற்கே எண்ணெய் வாங்கினேன்.

இன்று காலை புதுக்கட்டைகள்
வால் மிதிபட்ட பூனையாய்க் கத்தின.
புட்போர்ட்டில் தொங்கிய கொண்டக்டர்
திரும்பிப் பார்த்தார்.
அவருடைய செருப்புக்கு ஒரு சாண் பின்னால்
நான் நின்றிருந்தேன்.
நெஞ்சு மட்டும் கொஞ்சத் தூரம் ஓடிப்போய்த்
திரும்பி வந்தது.

அலுவலக வரவுப் புத்தகத்தில்
எட்டு ஐம்பத்தாறு என்று எழுதினேன்.
எண்ணெய்ப் பெருவிரல் அதன்மேல் பட்டுவிட்டது.
ஐம்பத்தாறோ முப்பத்தாறோ,
இனி எவருக்கும் தெரியாது.