முதுகில் எழுதிய பெயர்

படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான் உறுத்தியது:
உங்களுடன் வசிப்பவர் எத்தனை பேர்?
மூன்று என்று போட்டேன்.
மூவரிடமும் சொல்லிவைத்தேன்
பதிவு மேசையில்தான் உட்காருவேன்,
பேனா பிடிக்கிற வேலை என்று.

பல் மருந்தகம் பூட்டி ஒன்பது நாள்.
பதினாறு வருடம் "இன்னும் பெரிசா திறங்க" என்று
வாய்களோடு பேசிப் பிழைத்தவள்.
இப்போது மூக்கு.

துவாஸில், தொழிற்சாலையை ஒட்டிய விடுதி.
கூடாரத்துக்குள் காற்றாடி கூடாதாம்,
கிருமி பறக்குமாம்.
அங்கிக்குள் வியர்வை முழங்கால் வழியே இறங்கிக்
காலுறையில் தேங்கும்.
தண்ணீர் குடித்தால் கழிவறை,
கழிவறை என்றால் ஓர் அங்கி வீண்.
கணக்கு அப்படி.

எல்லாரும் ஒரே நீலப் பொதி.
யாரை யார் என்று கூப்பிடுவது?
அவர்கள் மொழியிலேயே உன் பெயர் இருக்கட்டும் என்றாள்
தாதி நொராயினி.
அட்டைப்பெட்டி மூடியில் எழுதிக் காட்டினேன்: கயல்விளி.
பூ வரைவதுபோல் பார்த்துப் பார்த்து
என் முதுகில் வரைந்தாள், கறுப்பு மார்க்கரில்.
சாதாரண நிலைத் தேர்வுத் தாளுக்குப் பிறகு
என் பெயரைத் தமிழில் நான் எழுதியதே இல்லை
என்பது அப்போதுதான் உறைத்தது.

மேல பாருங்க.
மூச்ச இழுத்துப் பிடிங்க.
கொஞ்சம் எரியும், தும்மல் வந்தா அந்தப் பக்கம்.
பத்து எண்ணுவேன்.

நூற்று நாற்பத்தேழு முறை, ஒன்றிலிருந்து பத்து.
சிலர் என்னோடு சேர்ந்து எண்ணினார்கள்
வங்காளத்தில், தெலுங்கில், உதடு மட்டும் அசைத்து.
ஒருவர் கண்ணீரோடு "தேங்க்ஸ் மேடம்" என்றார்.
குச்சிக்கு வருகிற கண்ணீர்தான், எனக்குத் தெரியும்.
ஆனாலும்.

குழாயை மூடத் திரும்பியபோது
பின்னாலிருந்து ஒரு குரல்:
"அக்கா, கோச்சுக்காதீங்க.
உங்க பேருக்குப் பழத்துல வர்ற ழ."

பூமிநாதன். அறந்தாங்கிப் பக்கம். வெல்டர்.
நூற்று நாற்பத்தெட்டு.
ஒரு மீட்டர் தள்ளி நின்று
தீக்காயத் தழும்பு ஓடிய விரலால்
காற்றில் எழுதிக் காட்டினார்.
"விழின்னா கண்ணு.
உங்கள்ல இப்ப அது மட்டும்தானே வெளிய தெரியுது.
நீங்க போட்டிருக்கறது விளி."
"அப்படின்னா?"
கொஞ்சம் யோசித்தார்.
"கூப்பிடறது, அக்கா."
பிறகு தலையை நிமிர்த்தினார், எண்ணினேன்.

ழ சொல்ல நாக்கு மடங்கித் தேடுகிற இடத்துக்கு
மேலே, இன்னும் பின்னால்
குச்சி போய் நிற்க வேண்டும்.
மாலைப் பேருந்தில், முகக்கவசத்துக்குள்
சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.
பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை,
அது விதி.

கழற்றிய அங்கி மஞ்சள் பையில் போகும், எரிப்பதற்கு.
தினமும் ஒருமுறை என் பெயரும்.

வெள்ளிக்கிழமை பட்டியல் வந்தது.
அதில் பெயர் கிடையாது, எண்கள்தான்.
வாசலில் பேருந்து உறுமிக்கொண்டிருக்க
ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே இரண்டு சட்டை, ஒரு சார்ஜர்,
காதில் கைப்பேசி:
"ஒண்ணுமில்ல புள்ள, ரூம் மாத்துறாங்க.
ஏசி ரூமாம்."
இடையில் இருமலை விழுங்கினார்.
கையசைக்கலாமா என்று தெரியவில்லை எனக்கு.
திரும்பி நின்று
முதுகைக் காட்டினேன்.
அன்று ழி சரியாக இருந்தது.
படித்தாரோ என்னவோ,
கதவு மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

இரவு, மகளின் பள்ளி அகராதியைப் புரட்டினேன்.
விளி: அழைப்பு.
அதற்கு அடுத்த வரியில்: சாவு.

தெரிந்துதான் முதல் வரியோடு நிறுத்தினாரா?

குளியலறைக் கதவுக்கு வெளியே குமணன் கேட்டான்,
"பதிவு மேசையில இன்னைக்குக் கூட்டமா?"
"ஆமா," என்றேன்.
"நிறைய பேர். எழுதி எழுதிக் கை வலிக்குது."