நாலடி கிறுகிய புல்

ஐந்து மாதிரித் துண்டுகள் குசினி மேசையில்
ஒரு கிழமை கிடந்தன, உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில்.
இருபது மில்லிமீற்றர். முப்பது. முப்பத்தைந்து.
ஒன்று தான் பிளாஸ்டிக் என்பதை ஒளிக்கவேயில்லை.
இன்னொன்றின் அடியில் மண்ணிறச் சுருள் இழைகள்;
அதற்குச் சதுர அடிக்கு எண்பது ரூபா கூட.
உண்மையாய்த் தெரிவதற்குக்
கொஞ்சம் செத்தும் இருக்கவேணுமாம்.

நடுமத்தியானம் ஐந்தையும் முற்றத்தில் போட்டு
வெறுங்காலோடு ஏறி நின்று எண்ணினேன்.
கல்லடி வெயிலுக்கு விளம்பரம் விளங்காது.
முப்பத்தைந்தில் பதினொன்று வரைதான் நிற்க முடிந்தது.
செத்த இழை கலந்ததில் பத்தொன்பது.
அதையே எடுத்தோம்.

வில்வராசனுக்கு முழங்கால்.
தண்ணீருக்குள் நடக்கச் சொன்னார் டொக்டர்.
வேலிக்கு அங்கால் முந்நூறு யாரில் கடல்.
அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை,
நாங்களும் சொல்லவில்லை.
கிடங்கு வெட்டினோம்.

ஓட்டமாவடியிலிருந்து ஹில்மி வந்தார்,
லொறியில் மூன்று சுருள், காதில் பென்சில்.
கோரையைக் கிழங்கோடு கிண்டினார்.
கல்தூள் கொட்டி, நனைத்து, இடித்து,
சரிவைத் தடாகத்துக்கு எதிர்ப்பக்கம் விட்டார்.
"மாரித் தண்ணியெல்லாம் பூலுக்குள்ளதான் போகப் பாக்கும்.
மறுகா என்னைத் திட்டுவீங்க."

சுருளை விரிக்குமுன் கேட்டார்:
"எந்தப் பக்கமிருந்து பாப்பீங்க?"
புல்லுக்கு ஒரு சாய்வு இருக்கிறதாம்.
பார்ப்பவர் பக்கம் சாய்ந்தால் அடர்த்தி;
முதுகுப் பக்கமிருந்து வெளிறிப் பளபளக்கும்.
"வீட்டுக்குள்ள இருந்துதான்," என்றார் வில்வராசன்,
நான் வாய் திறக்குமுன்.
வேறெங்கே இருந்து பார்ப்பதென்று
எனக்கும் அப்போது தோன்றவில்லை.

பசை மணத்தது இரண்டு நாள்.
மணல் தூவி, விளக்குமாற்றால் எதிர்த்துக் கூட்டி
ஒவ்வோர் இழையையும் எழுப்பிவிட்டுப் போனார்.
மதிலால் எட்டிப் பார்த்தாள் திலகேஸ்வரி:
"மாடு வந்தா என்னகா செய்வீங்க?"
மாடு வந்தது.
மோந்து பார்த்துவிட்டு
மதிலோரத்து அறுகுக்குப் போய்விட்டது.
அதற்கு மாதிரித் துண்டு தேவைப்படவில்லை.

நாலாம் நாள் பின்னேரம், தேத்தண்ணி ஆற்றும்போது
குசினி யன்னலால் கண்டேன்:
வடக்கு வளைவில் நாலடி அகலத்துக்கு
அழிறப்பரால் தேய்த்ததுபோல ஒரு வெளிறல்.
ஹில்மி வந்து முழங்காலில் இருந்து
ஆட்டுக்குட்டியைத் தடவுவதுபோலத் தடவினார்.
"கிறுகிக் கிடக்கு," என்றார்.
மறைக்கவில்லை. கடைசித் துண்டாம், இருட்டிவிட்டதாம்,
திருப்பிப் போட்டால்தான் வளைவு பொருந்தியதாம்.
"கழட்டித் தாறன். சுருள் கொழும்பால வர
ரெண்டு கிழமை செல்லும்."
கழற்றுங்கள் என்றார் வில்வராசன்.

அன்று அவர் நடந்து முடித்துத் துவாயோடு உள்ளே போனபின்
நான் இறங்கினேன், முதல்தரம்.
நாற்பத்தெட்டு வயது. மகளின் பழைய டீசேட்
வயிற்றில் காற்றடைத்து மேலெழுந்தது.
இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்திருந்தேன்.
கால் அடியை விட்டது.
ஏழு வரை எண்ணினேன்.

நாடியைக் கல்லில் வைத்து மூச்சு வாங்கியபோது
கண்மட்டத்தில் புல்.
அவ்வளவும் முதுகைக் காட்டிக்கொண்டு
வீட்டை, யன்னலை, அவருடைய கதிரையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.
நாலடி மட்டும் என் பக்கம்.
கரும்பச்சை. நெருக்கம்.
செத்த இழைகூடத் தெரிந்தது.

காலையில் ஹில்மிக்கு எடுத்தேன்.
"கழட்ட வேணாம்."
"யன்னலால வடிவில்லாமத் தெரியும் மடம்."
"தெரியட்டும்."
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு
"அப்ப காசில குறைக்கவா?" என்றார்.
ஓம், குறையுங்கள் என்றேன்.