ஒரு கிலோ கழிவு

வட்டவளையில் மழை பெய்வது செய்தியல்ல,
விடுவதுதான்.
அன்றைக்கும் விடவில்லை.
பள்ளிக்கூடத்துப் பெயர்ப்பலகை, மகோகனி,
ஒன்றரை அங்குலத் தடிப்பு.
‘வித்தியாலயம்’ என்பதில் ‘தி’யை முடித்துவிட்டு
‘யா’வுக்கு நகரும் வழியில்
கரண்ட் போனது.

கிடையாக ஓடும் அச்சுகள் இரண்டும்
நின்ற இடத்தில் நின்றன.
அவற்றுக்கு விழ இடமில்லை.
நிமிர்ந்து நிற்கும் இசட்தான்
மோட்டார் பிடி விட்ட கணமே
பால் ஸ்க்ரூவில் வழுக்கிக்கொண்டு வந்தது,
சுழற்சி அடங்காத கத்தியோடு.
டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
‘யா’ வரவேண்டிய இடத்தில்
ஒரு பொத்தல்.

பலகைக் காசு என் கையிலிருந்து.
பிறகு மூன்று கிழமை
அந்தப் பாரத்தோடு மல்லுக்கட்டினேன்.
ஹட்டனில் சுமனபால பாஸ், லேத்தை நிறுத்தாமலே,
“பிரேக் வைத்த மோட்டார் வாங்கு” என்றார்.
விலையைக் கேட்டு டீ குடித்துவிட்டு வந்தேன்.
நுண்மரைத் திருகு போட்டேன்:
விழவில்லை,
ஏறவும் பொழுது விடிந்தது.
பழைய வேனின் டிக்கிக் கதவைத் தாங்கிய
காஸ் தண்டைக் கழற்றி மாட்டினேன்.
அதற்குக் கதவு ஞாபகம்.
சுவிட்சை அணைத்ததும்
மொத்தத்தையும் கூரைப் பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

கடைசியில் கப்பி.
இரண்டு கப்பி, சைக்கிள் பிரேக் கம்பி,
ஆடாமல் இறங்க ஒரு பீவீசி குழாய்,
அதற்குள் எதிர்ப்பாரம்.
எவ்வளவு பாரம்?

டெய்சிராணி மலையிலிருந்து வந்து
ஈரப் படங்கைக் கூட அவிழ்க்கவில்லை.
மோட்டார், தட்டு, கவ்வி எல்லாவற்றையும் சாக்கில் கட்டி
இரவல் தொங்குதராசில் மாட்டினோம்.
பதினொன்றே கால்.
“கழிவு எவ்வளவு?” என்றாள்.
“கழிவு கிடையாது, இது மெசின்” என்றேன்.
“குடுத்து வச்ச மெசின்.”

பழைய இரும்புக் கடையில் படிக்கல் கிடைத்தது.
ஐந்து, ஐந்து, ஒன்று.
மிச்சக் காலுக்கு நட்டும் போல்ட்டும்.
ஒரு விரலால் தள்ளினேன்,
பதினொன்றே கால் கிலோ
காற்றில் மிதக்கிற மாதிரி ஏறியது.
சந்தோஷத்தில் பக்கத்து லயத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு
ஆளுக்கு ஒருமுறை தள்ளவிட்டேன்.

வெட்டிப் பார்த்தால்
எழுத்தின் அடியெல்லாம் அலை.
ஒரு வரி ஆழம், ஒரு வரி மேடு.
பாரமே இல்லாத நட்டு
மரையின் மேல்முகத்தில் சாய்வதா
கீழ்முகத்தில் சாய்வதா என்று தெரியாமல்
இடைவெளிக்குள் தத்தளித்தது.
மலிவுத் திருகு. மயிரிழை ஆட்டம் அதற்குப் பிறவிக்குணம்.
அன்றிரவு தூங்காமல் கிடந்து
விடியப்புறம் எழும்பிப் போய்
குழாயிலிருந்து ஒரு கிலோப் படியை எடுத்துவிட்டேன்.

அவ்வளவுதான்.
மிஞ்சிய அந்த ஒரு கிலோ
நட்டை எப்போதும் ஒரே முகத்தில் அமர்த்தியது.
அலை போயிற்று.
‘யா’வின் கால்
பாலாடை வழித்தது போல் வந்தது.

டெய்சிராணிக்கு விளக்கினேன்.
முழுதாகச் சமன் செய்யக்கூடாது,
கொஞ்சம் கழித்தால்தான்
ஆட்டம் தெரியாது.
படியைக் கையில் வாங்கி
உருட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:
“அப்ப எங்க கொழுந்துல
நாளுக்கு ரெண்டு கிலோ கழிக்கிறாங்களே,
அது எவன் மரையில இருக்கிற ஆட்டத்துக்கு?”

எனக்குத் திருகைப் பற்றித்தான் தெரியும்.
அதைச் சொல்லவும் வாய் வரவில்லை.
அந்தப் படியை அவள் திருப்பித் தரவில்லை.
ஜன்னல் கதவு அடிக்காமலிருக்க
அண்டை கொடுத்திருக்கிறாள்.

நேற்று மறுபடி கரண்ட் போனது,
வேலைக்கு நடுவில்.
இருட்டில் இரண்டு பேரும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம்.
தகரத்தில் மழை.
வேறொன்றுமில்லை.
அவள் கை நீட்டித் தொட்டுப் பார்த்தாள்.
“சுடுது,” என்றாள்,
“ஆனா நிக்குது.”