சந்திரன் எந்தப் பக்கம்

குளச்சல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
மனு எழுதிக் கொடுக்கும் கடை என்னுடையது.
மனுவுக்கு அறுபது ரூபாய்.
பிறந்த தேதி இல்லாதவர்களுக்கு நூறு,
அதைத் தேடவேண்டுமே.

தஸ்நேவிஸ் வந்தது ஒரு புதன்கிழமை, மழை.
முதியோர் உதவித்தொகை.
வயது அறுபது ஆகியிருக்கவேண்டும்.
ஆதாரில் ஜனவரி ஒன்று.
எங்கள் கடற்கரையில் பாதிப்பேர்
புத்தாண்டன்று பிறந்தவர்கள்.
கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டை
இரண்டாயிரத்து நான்கில் கடல் வாங்கிக்கொண்டு போனது.
வாசித்து முடித்திருக்கும்,
திருப்பித் தரவில்லை.

"அம்ம சொல்லியிருக்கா," என்றார்.
"நான் பெறந்த அந்தியில
சந்திரன் கடிபட்டுத்தான் எழும்பிச்சாம்."

குருமடத்தில் நாலு வருடம் இருந்தவன் நான்.
ஏரோதின் சாவுக்கு அங்கே தேதி தேடியிருக்கிறோம்.
அவன் சாகுமுன் ஓர் இரவு சந்திரனைப் பாம்பு தீண்டியது,
செத்தபின் பாஸ்கா வந்தது,
ஒரு யூதச் சரித்திரக்காரன் விட்டுப்போன துப்பு இவ்வளவுதான்.
கி.மு. நான்கு என்பவர்களுக்கு நாட்கள் போதவில்லை.
கி.மு. ஒன்று என்பவர்களுக்கு ஆண்டுகள் இடிக்கின்றன.
அந்தக் கிழட்டு ராஜாவின் சாவை நகர்த்தினால்
பெத்லகேமின் முன்னணையும் கூடவே நகரும்.

கணினியில் பட்டியலைத் திறந்தேன்.
அறுபத்தொன்று மார்ச் இரண்டு, வியாழன்.
அறுபத்தேழு ஏப்ரல் இருபத்துநாலு, சித்திரா பவுர்ணமி.
நடுவே ஒரு டிசம்பர் முப்பதும் உண்டு.
தஸ்நேவிஸ் தலையசைத்தார்:
கிறிஸ்துமஸ் வாரமென்றால்
அம்மை அதைத்தான் முதலில் சொல்லியிருப்பாள்.

முதல் தேதி என்றால் பணம் உண்டு.
பிந்தியது என்றால் இல்லை.

"வேறென்ன சொன்னா?"
"கோழிச்சாறு கேட்டாளாம், பெத்த ஒடம்பு.
தபசுகாலம், கோழி அறுக்கக்கூடாதுன்னுட்டாங்களாம்."
அறுபத்தொன்றில் ஈஸ்டர் ஏப்ரல் இரண்டு.
அறுபத்தேழில் ஈஸ்டர் முடிந்து நாலு வாரம்.
மேசையைத் தட்டினேன், கிடைத்துவிட்டது.

அப்போதுதான் மஞ்சள் பைக்குள்ளிருந்து
ஒரு பித்தளைச் செம்பை எடுத்து வைத்தார்,
"இதுவும் ஆதாரந்தானே?"
கழுத்தில் புள்ளிபுள்ளியாய்ப் பொறித்திருந்தது:
பெர்பெத்தாள், கல்யாணம், 10-2-64.

தகரக் கூரையில் மழை.
இருவரும் ஒரே கழித்தலைச் செய்தோம்.

ஏதாவது பேசவேண்டுமென்று கேட்டேன்:
"உங்க வீட்டு முத்தத்துக்குக் கிழக்க கோயில் கோபுரம் உண்டே,
சந்திரன் அதுக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா,
சொன்னாளா?"
மாசி நிலவு சற்று வடக்கே எழும்பும்,
சித்திரை நிலவு தெற்கே.

அவர் கேட்டார்:
"எந்தப் பக்கம்னா எந்த வருசம்?"

சாட்சியிடம் சொல்லக்கூடாததைச் சொன்னேன்.

செம்பைத் துண்டால் துடைத்தார்,
துடைக்க அதில் ஒன்றுமில்லை.
"வலப்பக்கம்.
நல்லா ஞாபகம் இருக்கு,
வலப்பக்கமுன்னுதான் சொன்னா."
"அப்போ கோழி?"
"அது தம்பிக்கா இருக்கும்.
இன்னும் ரெண்டு வருசந்தானே, வாறேன்."

இரவு கடையை அடைக்கத் தோன்றாமல்
இன்னொரு கிரகணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கி.பி. முப்பத்துமூன்று, ஏப்ரல் மூன்று, வெள்ளி.
சிலுவையின் நாள் அதுதான் என்பவர்கள் உண்டு.
எருசலேமுக்குக் கிடைத்தது
அதன் கடைசித் துண்டு மட்டும்.
இந்தக் கரையிலோ
நிலவு முழுசாய் எழும்பி,
அரைமணி கழித்து ஓரம் கறுத்து,
எட்டு மணிவாக்கில் பாதிக்கு மேல் போய்,
சாவகாசமாகத் திரும்பி வந்திருக்கிறது.
வலை காயப்போட்டவர்கள் எல்லாம் பார்த்திருப்பார்கள்.
ஒருத்தி அந்நேரம் பெற்றிருப்பாள்,
பெற்றதை யாரிடமும் சொல்லாமலும் இருந்திருப்பாள்.

நிமிடம் வரைக்கும் கணக்கு வருகிறது.
ஒரு மனிதன் ஏன் வலப்பக்கம் என்கிறான்
என்பதற்குப் பட்டியலில் கட்டம் இல்லை.

எழுந்தபோது பார்த்தேன்,
காகித எடைக்கல்லுக்கு அடியில்
வைத்துவிட்டுப் போயிருக்கிறார்,
அறுபது அல்ல,
நூறு.