இடப்பக்கச் சாய்வு

உயுனியில் ஜூலை மாதக் காலை.
ஸ்பேனரைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும்.
பழைய போர்வையை விரித்து
வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறேன்.
மூக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில்
முப்பத்தாறு வயது லேண்ட் குரூசரின் வயிறு,
உப்பு தின்றது போக மிச்சம்.

இங்கே துரு முதலில் வெள்ளையாய்த்தான் பூக்கும்.
பிறகு சிவக்கும்.
பிறகு ஏடு ஏடாய் உரிந்து கண்ணில் விழும்.
ஒவ்வொரு பயணம் முடிந்தும் கழுவுகிறோம்,
கழிவு ஆயிலைப் பூசுகிறோம்.
உப்புக்கு அதுவும் ஒரு தொடுகறி.

யூ-போல்ட் நான்கும் ஒரு மணி நேரத்தில் கழன்றன.
ஷாக்கிள் போல்ட் மட்டும்
புஷ்ஷோடு ஒன்றாகிக் கிடந்தது.
மண்ணெண்ணெய் விட்டேன். நெருப்புக் காட்டினேன்.
சம்மட்டியால் அடித்தேன்.
ஆயமாராவில் திட்டினேன், ஸ்பானிஷில் கெஞ்சினேன்.
ரப்பர் கருகி ஊரெல்லாம் நாறியதுதான் மிச்சம்.
கடைசியில் ரம்பம்.
ஐந்து பிளேடு ஒடிந்தது.
ஆறாவது டெல்ஃபினாவிடம் கடன் வாங்கியது,
பயணிகளின் சூப்புக்கு லாமா எலும்பு அறுப்பது.
"கழுவித் தா" என்றாள்.

சாயங்காலம்
இரண்டு பக்கக் கமான் பட்டைகளையும்
தரையில் அருகருகே போட்டேன்.
வலது, இன்னும் புருவம் மாதிரி வளைந்திருந்தது.
இடது, ரொட்டிக்கல்.
மூன்று விரற்கடை வித்தியாசம்.

வண்டியை எனக்கு விற்ற குமெர்சிந்தோ
நூற்றிருபது கிலோ.
பதினாலு வருடம் இடதுபக்கம் உட்கார்ந்து ஓட்டியவர்.
நான் நாற்பத்தொன்பது கிலோ, சட்டைப்பைச் சில்லறையோடு.
பதினோரு வருடமாக
அவர் எழுந்துபோன பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

வேடிக்கை பார்க்க வந்தவர்
கோக்கா இலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
"எல்லாம் உப்பு செய்த வேலை" என்றார்.
"உப்புக்கு இடது வலது தெரியுமா?" என்றேன்.
பதில் இல்லை.
குந்தி உட்கார்ந்து அந்தத் தட்டைப் பட்டையை
நாயைத் தடவுவதுபோல் ஒருமுறை தடவினார்.
பழைய இரும்பு விலைக்குக் கேட்டார்.
இடதை மட்டும்.
எதற்கென்று சொல்லவில்லை.

புதுப் பட்டைகள் இக்கீக்கே துறைமுகம் வழியாக,
இரண்டு மாதம் தாமதமாக,
ஒரு புஷ் குறைவாக வந்தவை.
பியரில் முதல் மிடறு பூமித்தாய்க்கு,
இரண்டாவது இரும்புக்கு.
மற்றதற்குக் கணக்கு இல்லை.

வண்டி ஜாக்கியில் தொங்கும்போது
போல்ட்டை முழுசாய் முறுக்கக் கூடாது.
சக்கரம் ஊன்றி,
தன் பாரத்தைத் தானே வாங்கிய பிறகுதான் கடைசிச் சுற்று.
அவசரப்பட்டால்
ரப்பர் ஆயுள் முழுக்க
வேறெங்கோ திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மறுநாள் விடியலில் உப்புவெளி.
அறுகோணம் அறுகோணமாய் வெடித்த வெள்ளை.
பின்சீட்டில் மூன்று பெல்ஜியக்காரர்கள்,
பக்கத்தில் டெல்ஃபினாவும் சூப்புப் பானையும்.

இத்தனை வருடம் எத்தனையோ பேரிடம்
கையை நீட்டிச் சொல்லியிருக்கிறேன்:
சமவெளி என்பார்கள், நம்பாதீர்கள்,
கவனித்துப் பாருங்கள்,
வலதுபக்கம் லேசாய் இறங்குகிறது.
போகும்போதும் வலதுபக்கம் இறக்கம்.
திரும்பி வரும்போதும் வலதுபக்கம் இறக்கம்.
அதெப்படி என்று
நானும் கேட்டுக்கொள்ளவில்லை, அவர்களும் கேட்கவில்லை.
படம் எடுத்துக்கொண்டார்கள்.

இன்று டாஷ்போர்டு விளிம்பும் தொடுவானமும்
ஒரே கோடு.
நடுவில் ஒரு மயிரிழை விட இடமில்லை.
சொல்ல ஒன்றும் இல்லாமல் ஓட்டினேன்.

அரை மணி நேரம் கழித்து டெல்ஃபினா
பானையைத் தள்ளி வைத்துக்கொண்டு கேட்டாள்:
"என்னடி, ஏன் என் மேல் சாய்கிறாய்?"

"சாயவில்லை" என்றேன்.
"நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்."