பன்னிரண்டாவது கண்

கித்தானுக்குப் பன்னிரண்டு கண்கள்.
ஈரோட்டுக் கடையில் எண்ணித்தான் வாங்கினோம்,
நானும் என் கொழுந்தன் சிவமலையும்.
பித்தளை வளையம், துருப்பிடிக்காது என்றார் கடைக்காரர்.
துருப்பிடிக்கவில்லைதான்.
ஒன்று துணியோடு பிய்த்துக்கொண்டு போனது.
அந்த மூலையில்
கூழாங்கல் ஒன்றைத் துணிக்குள் வைத்து
கழுத்தை இறுக்கிக் கயிறு போட்டிருக்கிறேன்.
பார்க்கக் கோழிக்குஞ்சைத் தூக்கில் போட்ட மாதிரி இருக்கும்.
பிடிமானம் மோசமில்லை.

நெருஞ்சிப்பேட்டைத் துறையில்
ஏழு மணிக்கு யாருக்கும் நிழல் வேண்டாம்.
எட்டரைக்கு எல்லோருக்கும் வேண்டும்.
நிழலுக்குத் தனிக் காசு கிடையாது,
ஆனால் அது இல்லையென்றால்
சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போய்விடுவார்கள்.

ஆறு குழாய்களை விளிம்புக் குழிகளில் இறக்கி
ஆணி செருகி
நடுவே மூங்கில் முகடு கட்டியதும்
இந்தப் பக்கமிருந்து நான் கித்தானை உருட்டிவிடுவேன்.
அந்தப் பக்கம் அவன் வாங்கிக்கொள்வான்.
இடையில் துணி இருப்பதால்
முகம் பார்க்க வேண்டியதில்லை.
கயிறு ஒருமுறை வெட்டி இழுபட்டால், கட்டியாயிற்று.
இருமுறை என்றால், இளக்கு.
தை மாதத்திலிருந்து எங்கள் பேச்சு இவ்வளவுதான்.

தை மாதத் துறை ஏலத்தில்
எனக்குத் தெரியாமல் தன் பெயரில் கேட்டான்.
கிடைக்கவில்லை.
கிடைத்திருந்தால்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ.
மறுநாள் ஏழு மணிக்கு வந்து குழாயைத் தூக்கினான்.
நானும் வேண்டாமென்று சொல்லவில்லை.
கித்தான் ஒற்றை ஆள் கட்டுகிற சாமான் இல்லை.

ஆடி பதினாறோ பதினேழோ.
படகில் இருபத்திரண்டு பேர்,
இரண்டு டிவிஎஸ் வண்டி, மூன்று கூடைத் தக்காளி,
பச்சைச் சேலைக்காரி ஒருத்தி மடியில் வாத்து.
நடு ஆற்றில்
பாலமலைப் பக்கமிருந்து காற்று இறங்கி
கித்தானுக்கு அடியில் தலையைக் கொடுத்தது.
அதுவரை கூரை.
அதற்கப்புறம் பாய்.
இன்ஜின் பூலாம்பட்டிக்குப் போகலாம் என்கிறது,
துணி கதவணைக்குப் போகலாம் என்கிறது.
தக்காளி உருண்டது, ஆட்கள் ஒரு பக்கமாய்ச் சரிந்தார்கள்.
வாத்து மட்டும் அசையவில்லை.

என் பக்கம் ஆறு முடிச்சு.
ஈரமும் இழுப்பும் சேர்ந்து இறுகிக் கிடந்தன.
இரண்டாவதில் நகம் பெயர்ந்தது.
அப்போது துணிக்கு அந்தப் பக்கமிருந்து,
“நங்கே! கல்லுக்கட்ட அவுத்துடுங்!”

ஆறு மாதம் கழித்து வந்த பேச்சு.
அந்த அவசரத்திலும் ‘ங்’ விடுபடவில்லை.

தலைக்கயிற்றை உருவினேன்.
கூழாங்கல் ப்ளக் என்று ஆற்றில் விழுந்தது.
விடுபட்ட மூலை வழியாகக் காற்று
வந்த சுவடு தெரியாமல் போயிற்று.
துணி படபடவென்று அடித்து
கூட்டுறவு வங்கிக் காசாளரின் கண்ணாடியைத் தட்டிவிட்டது.
படகு நிமிர்ந்தது.
சில்லறை வாங்க ஆரம்பித்தேன்,
கை நடுங்கியதால் ஒருவரிடம் இரண்டுமுறை வாங்கிவிட்டேன்.

பொழுதோட, கடைசி நடை முடிந்து
கித்தானை அவிழ்த்தோம்.
நனைந்ததை அப்படியே சுருட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.
பாறைச் சூட்டில் விரித்துப் போட்டு
ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தோம்.
காய்ந்ததும் நீளவாக்கில் இரண்டு மடிப்பு,
அகலவாக்கில் மூன்று,
கண்ணோடு கண் பொருத்தி.
மடிப்புக்கு மடிப்பு அவன் என்னிடம் வர வேண்டும்.
வந்தான், விளிம்பைக் கொடுத்தான், போனான்.
கெண்டைச் செதில் ஒன்று ஒட்டியிருந்தது,
ஊதிவிட்டேன்.
குழாய்களைக் கட்டாகக் கட்டி
அணியத்தில், மிதவைச் சட்டைகளுக்கு மேல்
எல்லாவற்றையும் அடுக்கிவைத்தோம்.

“கல்லு?” என்றான்.
“ஆத்துல.”
கரையில் குனிந்து தேடி ஒன்றை எடுத்து வந்தான்.
“பெரிசு.”
வீசிவிட்டு இன்னொன்று.
“மொழுமொழுன்னு இருக்குது, வழுக்கும்.”
“போங் நங்கே, நீங்களே எடுத்துக்குங்,” என்று
கோபித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினான்.

இருட்டும்வரை குனிந்து தேடிக்கொண்டிருந்தேன்.
நாளைக்கு எட்டரைக்குள் ஒன்று வேண்டும்.